பதினேழாம் வரி

தர்ஹானில் டிசம்பர். மைனஸ் முப்பத்திரண்டு.
அனல்நிலையத்துப் புகை மேலே போக மனமில்லாமல்
கூரைகளின்மேல் படுத்திருக்கிறது.
பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில்
தர உறுதி அலுவலகம் என்று பலகை மாட்டிய அறையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
மாணவர்களின் திருப்தியைக் கூட்டி வகுக்கிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

இருபத்திரண்டு கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்து வரை.
நிரப்பாவிட்டால் மதிப்பெண் திறக்காது
(ஒரு வரி விட்டால் கணினி பொறுத்துக்கொள்ளும், இரண்டு விட்டால் இல்லை).
ஆகவே பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
விறைத்த கட்டைவிரலால் நிரப்புகிறார்கள்:
ஐந்து ஐந்து ஐந்து ஐந்து.
நூலகம் ஐந்து.
இரண்டு வருடமாய்ப் பூட்டிக்கிடக்கும் மொழி ஆய்வகமும் ஐந்து.
உணவகம் ஐந்து. அங்கேதான் நானும் சாப்பிடுகிறேன்,
எனக்குத் தெரியாதா.

சராசரி நான்கு புள்ளி நான்கு.
இயக்குநர் பால்ஜின்ன்யாம் அதைச் சட்டம் போட்டு
வாசலில் மாட்டச் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை, சுரங்கப் பொறியியல் மூன்றாம் ஆண்டில்,
முப்பத்தெட்டுப் பேருக்குப் பதினேழாம் வரி மட்டும் காலி.
*இந்நிறுவனம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.*
ஒன்று என்று போட்டிருந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்வேன்,
கோபத்துக்கு என் அறிக்கையில் ஒரு பத்தி உண்டு.
காலி இடத்தை மென்பொருள் தொடுவதில்லை.
சொல்லாதவர்கள் வகுத்தலில் சேர்த்தியில்லை.
முப்பத்தெட்டு மௌனத்தை எடுத்த பிறகும்
சராசரி ஒரு புள்ளிகூட அசையவில்லை.

பெயரில்லாப் படிவம். யாரையும் விசாரிக்கக் கூடாது.
உப்புப் பால் டீ குடிக்கப் போகிறவர்போல
கீழே இறங்கி மூன்றாம் ஜன்னல் பக்கம் போனேன்.
புது இயந்திரம். டோக்கன் தருகிறது.
நன்றி என்கிறது. குழைந்த குரல்.

முன்பு அங்கே த்செந்தாயுஷ் இருந்தாள்.
குழைந்து பேசி யாரும் கேட்டதில்லை.
"சுவரில் எழுதியிருக்கிறது, கண் இருக்கா?"

அக்டோபரில் விடுதிப் பணம் கட்டியவர் பட்டியல்
கணினியிலிருந்து காணாமல் போனபோது
அவள் தன் பச்சை நோட்டைத் திறந்தாள்.
தேதி, தொகை, கட்டியவர் கையெழுத்து,
சில பெயர்களுக்கு எதிரே சின்னதாய்:
மீதி, ஆடு விற்றதும்.
நோட்டு ஆவணமாகாது, இன்னொரு முறை கட்டட்டும்
என்றது கணக்குப் பிரிவு.
என் சம்பளத்தில் பிடியுங்கள் என்றாள் அவள்.
பிடிக்கவில்லை. பணம் வேறொரு கணக்கில் கிடைத்தது.
மன்னிப்பு மட்டும் யார் கணக்கிலும் கிடைக்கவில்லை.

நவம்பரில் அவளை ஆவணக்கிடங்குக்கு மாற்றினார்கள்.
ஆதாரம்: போன பருவத்து அறிக்கை, பக்கம் ஒன்பது,
மூன்றாம் ஜன்னல், பணிவு, இரண்டு புள்ளி ஒன்று.
அதை வகுத்தது நான்.
இரண்டு தரம் சரிபார்த்தும் இருந்தேன்.

கிடங்கு நிலவறையில்.
"கதவைச் சாத்து, சூடு போகுது."
சாத்தினேன். என்ன சொல்ல வந்தேன் என்பது
படிக்கட்டிலேயே நின்றுவிட்டது.
முப்பத்தெட்டுப் பேர், என்றேன். பதினேழாம் வரி.
ஒரு மன்னிப்பின் ஓரத்தையாவது
அந்த எண்ணில் அவள் பார்ப்பாள் என்று நினைத்தேன் போல.

அவள் நோட்டை எடுத்தாள்.
விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினாள்.
உதடு அசைய எண்ணினாள்.

"முப்பத்தொன்பது இருக்கணுமே.
காலியா விட்டது முப்பத்தெட்டு. மிச்சம் ஒருத்தன்?"

படிவமே வரவில்லை, என்றேன்.
வராத படிவத்தை நாங்கள் கேட்பதில்லை.

"லுவ்சன்," என்றாள் என்னைப் பார்க்காமல்.
"ஆடு இன்னும் விற்றிருக்காது.
எப்போதிலிருந்து வகுப்புக்கு வரலை?
விடுதியில் யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

நான் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
அவள் குனிந்து
பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.